வாய்க்கால் தெருவில் இரண்டு ஒயர்

அன்பு மகளுக்கு,

சலாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்றெல்லாம் இங்கே கேட்கப்போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்டு உன் உயிரை வாங்குகிறேனே. போனில் எதையாவது நீளமாகச் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இது ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய கடிதமும் இல்லை. உன் அத்தா படித்துவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறார். செல்வம் மாமா கேட்டால் அவருக்கும் படித்துக் காட்டுவேன். உன் அறையில் தமிழ் தெரிந்த பிள்ளைகள் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

நீ கொண்டுபோன திராட்சை நசுங்காமல் டில்லி போய்ச் சேர்ந்ததையும், அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கூடையைக் காலி செய்ததையும் சொன்னாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் திராட்சையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில்.

உன் வேலை என்னவென்று நீ விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? பெரிய கம்பெனிகள் இரண்டு ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் இனிமேல் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், சேர்ந்தால் ஜனங்களுக்கு நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்கிற அலுவலகம் எங்களுடையது, சட்டம் வந்துவிட்டது, இந்தப் பகுதி மட்டும் நடைமுறைக்கு வர வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் ஆள் எடுத்துப் பழக்குகிறார்கள் என்றாய். ஏன் சிரிக்கிறாய் என்று கோபித்துக்கொண்டாய். கேலி இல்லை தாயி. கம்பெனிகள் சேருவதை நீ அங்கே கோட்டும் சூட்டும் போட்டவர்களோடு உட்கார்ந்து படிக்கப்போகிறாய். நான் அதை நம் வீட்டு மாடியில், மூன்று மின்விசிறி ஓடியும் வேர்த்துக் கொட்டுகிற அறையில் உட்கார்ந்து பார்த்தவள். அதைத்தான் சொல்லப்போகிறேன். உனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நாங்கள் உன்னிடம் சொன்னதில்லை.

உத்தமபாளையத்தில் உன் அத்தா கேபிள் டிவி தொடங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. மாடியில் அந்தப் பெரிய டிஷ்ஷை ஏற்றியபோது தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அத்தா கம்பத்தில் ஏறி ஒயர் இழுப்பார், நான் கண்ட்ரோல் ரூமில் இருப்பேன். ரிசீவர்கள், பெட்டிகள், போன், நடுவில் நான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாய். போன் அடித்தால் எனக்கு முன்னால் பாய்ந்து எடுத்து, "எந்தத் தெரு? புள்ளி புள்ளியா வருதா, சுத்தமாவே வரலையா?" என்று கேட்பாய். நீ வக்கீலாகப் போகிறாய் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அத்தனை கேள்வி கேட்டுவிட்டுத்தான் போனை என்னிடம் கொடுப்பாய்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்வம் மாமாவும் அதே வருடம் தொடங்கினார். இன்றைக்கு உனக்கு அவர் மாமா, அன்றைக்கு நம் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் சோறு இறங்காது. எங்கள் ஒயர் அறுந்தால் அவர் ஆள்தான் அறுத்தான் என்போம். அவர் ஒயர் அறுந்தால் அவர் எங்களைச் சொல்வார். குரங்கு அறுத்தது பாதி இருக்கும், ஆனால் குரங்கோடு சண்டை போட முடியுமா? அந்தச் சண்டையில் ஊர் நன்றாக இருந்தது. படம் தெரியவில்லை என்று போன் வந்தால் உன் அத்தா சோற்றில் கைவைத்தவர் அப்படியே எழுந்து போவார். தாமதித்தால் செல்வத்தின் ஆள் அந்த வீட்டு வாசலில் நிற்பான். அவர் நோன்பு மாதத்தில் கட்டணத்தை ஏற்றவில்லை என்றால் நாங்கள் பொங்கலுக்கும் ஏற்ற மாட்டோம்.

இரண்டு பேருடைய ஒயரும் கடைசியாகப் போய் முடிகிற இடம் வாய்க்கால் தெரு. கிழக்கிலிருந்து எங்கள் ஒயர், மேற்கிலிருந்து அவர் ஒயர், அதற்கப்புறம் வயல். கண்ட்ரோல் ரூமிலிருந்து தள்ளிப் போகப் போக சிக்னல் இளைத்துப் போகும் என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தத் தெருவில் எங்கள் படமும் சுமார், அவர் படமும் சுமார். அந்த ஜனங்கள் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு ஒயரையும் வீட்டுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எது தெளிவாக வருகிறதோ அதை டிவிக்குப் பின்னால் சொருகுவார்கள். நோன்பு மாதத்தில் விடியும் முன்னால் சஹர் நேரத்து பயான் சொற்பொழிவை எங்கள் லோக்கல் சேனலில்தான் போடுவோம், அதனால் அப்போது எங்கள் ஒயர். ராயப்பன்பட்டி கோயில் திருவிழாவைச் செல்வம் நேரடியாகக் காட்டுவார், அப்போது அவர் ஒயர். எந்த மாதம் யார் ஒயரில் அதிகம் பார்த்தார்களோ அவருக்கு அந்த மாதக் கட்டணம். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் யார் முதலில் ஒயரைப் பிடுங்குகிறாரோ அவர் கையைவிட்டு அந்தத் தெரு முழுசாகப் போய்விடும். வேறு எந்த ஊரிலாவது இப்படி நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

நீ பத்தாம் வகுப்பை முடித்த கோடையில், சேனல்களை எங்களுக்குத் தருகிற மதுரைக் கம்பெனி, ஊருக்கு ஒருவருக்குத்தான் இனி தருவோம், இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஒருவர் வாருங்கள், இல்லையென்றால் நாங்களே ஒயர் இழுப்போம் என்று சொல்லிவிட்டது. வருடக்கணக்காக முகம் பார்த்துப் பேசாத இரண்டு ஆண்கள் ஒரு வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்து ஒரே டீயைப் பாதி பாதி குடித்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்த உன் அத்தா, "செல்வம் நல்ல பயதான்டி" என்றார். இரண்டு பேரும் ஒரே தொழிலாகச் சேர்ந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

சேருவதற்கு என்ன அனுமதி தேவைப்பட்டது தெரியுமா? தலைமைத் தபால் ஆபீசில் புதுப் பெயரைப் பதிய வேண்டும். அவ்வளவுதான் சட்டம். அங்கிருந்தவர் பெயரைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அவர் மேல் குற்றம் இல்லை, அதைத்தான் அவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஊரில் இரண்டு கடை ஒரு கடையாகிறதே, வாங்குகிறவன் கதி என்ன என்று கேட்கிற வேலை யாருக்கும் இல்லை. நீ இன்றைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிற வேலை அன்றைக்கு நாட்டிலேயே இல்லை.

ஆனால் சேர்ந்தால் ஒரு கண்ட்ரோல் ரூம் போதும். செல்வத்தின் அறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில். மூடப்போவது என்னுடையது. உன் அத்தா இதை எனக்கு நல்ல செய்தியாகச் சொன்னார். "இனி நீ அந்தச் சூட்டுல வேக வேண்டியதில்லை, வீட்ல நிம்மதியா இரு." ஊரில் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் மௌத்து, யார் ஆட்டைத் தொலைத்தார்கள் என்று எல்லாம் என் வழியாகத்தான் லோக்கல் சேனலுக்குப் போனது. அந்த நாற்காலியில் நான் ஒரு ஆளாக இருந்தேன் தாயி. அதை விட்டு எழுந்திரு என்றதும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன். எல்லோரும் பேசாமல் குடித்தீர்கள்.

மார்க்கையன்கோட்டையில் வயல் வைத்திருந்தாரே, என்னைப் பெற்ற அத்தா, அவர் ஊரில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் முன்னால் கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் கடைமடைக்காரர்தான் முதலில் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம். தலைமடையில் வயல் வைத்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. மேலே இருப்பவர் முதலில் பேசிவிட்டால் கீழே இருப்பவர் பயந்து "ஆமா" போட்டுவிடுவார் என்பதால் வைத்த முறை. அது எனக்கு ஞாபகம் வந்தது. வாய்க்கால் தெருவைக் கூப்பிட்டுக் கேட்காமல் ஒயரில் கைவைக்கக் கூடாது என்றேன்.

"இதென்ன வயக்காடா அக்கா, கூட்டம் போட?" என்று செல்வம் சிரித்தார்.

"சிக்னலும் தண்ணி மாதிரிதானப்பா போகுது. கடைசி வீட்டுக்காரவுகள மொதல்ல கேளுங்க."

"உங்கம்மாவுக்கு ரூமை விட மனசில்ல. அதான் சுத்தி வளைக்கிறா" என்று உன் அத்தா உன்னிடம் சொன்னார். நீ என்னைப் பார்த்தாய். நான் டிவியைப் பார்த்தேன்.

கூட்டம் எனக்காக நடக்கவில்லை. ஒயரைக் கழற்றப் போன ஆட்களை அந்தத் தெருக்காரர்கள் ஏணியில் ஏற விடவில்லை, அதனால் நடந்தது. முதலில் பேசியவர் லூர்துமேரி. ராயப்பன்பட்டியிலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவர், வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பார், உன் பாவாடையெல்லாம் அவர் தைத்ததுதான்.

"சேருங்க பாய், நல்லாருங்க. யாரு வேணாம்னது? ஆனா நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டப்பதான் நாங்க நல்லாருந்தோம். அதை எங்கன போய் வாங்குறது?" என்றார்.

சிரிப்புச் சத்தம் எழுந்து அடங்கியது. உன் அத்தாவும் செல்வமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்காக லூர்துமேரி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதே. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் எழுந்து, "ரெண்டு ஒயரு இருந்து என்னத்தக் கண்டோம்? ரெண்டுலயும் மழ பெய்ற மாதிரிதான் படம். ஒண்ணாச் சேந்து நல்லதா ஒண்ணு குடுத்தாகன்னா நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். அதுவும் நியாயம்தானே? சேருவதில் நல்லதும் இருந்தது. நான் அதுவரை அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. கேட்கப் போனால் நமக்குப் பிடித்த பதிலே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சேரலாம். ஆனால் வாய்க்கால் தெருவுக்கு மட்டும் இரண்டு அறையிலிருந்தும் ஒயர் வரும், தெருமுனையில் புது ஆம்ப்ளிபையர் வைத்துப் படத்தைத் தெளிவாக்க வேண்டும், சஹர் பயானும் நிற்காது, திருவிழாவும் நிற்காது, தெருவுக்குச் சொல்லாமல் கட்டணத்தை ஏற்றக் கூடாது. இரண்டு ஒயர் வேண்டுமென்றால் இரண்டு அறை வேண்டும். என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. திரும்பி வருகிற வழியில் நீ, "உனக்குச் சந்தோஷமாம்மா?" என்று கேட்டாய். "தெருவுக்கு நல்லது நடந்துச்சுல்ல" என்று சொன்னேன். நீ அதற்கு மேல் கேட்கவில்லை. எப்போதும் அத்தனை கேள்வி கேட்கிறவள் அன்றைக்குக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஏன் என்றால், அடுத்து நடந்ததைக் கேள். நீ சட்டம் படிக்க மதுரைக்குப் போனாய். நானும் பாதி நாள் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உன்னைப் பார்க்க பஸ்ஸில்தான் இருந்தேன். முழங்கால் வலி வந்து மாடிப்படி ஏறுவதும் கஷ்டமாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு இடியில் எங்கள் பக்கத்து ஆம்ப்ளிபையர் கருகிப்போனது. "ஒரு ஒயர்ல படம் வருதுல்ல மச்சான், எதுக்கு ரெண்டு?" என்றார் செல்வம். உன் அத்தா தலையாட்டினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறை எனக்கு வேண்டியிருந்த வரைக்கும் வாய்க்கால் தெருவுக்காக வாய் கிழியப் பேசினேன். அறை வேண்டாமென்று ஆனதும் தெருவும் என் ஞாபகத்திலிருந்து போய்விட்டது. எனக்கு ரூமை விட மனசில்லை என்று உன் அத்தா அன்றைக்குச் சொன்னது பாதி உண்மை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பாதிதான், முழுசும் இல்லை. அதை அவர் இதைப் படிக்கும்போது கவனித்துக்கொள்ளட்டும்.

லூர்துமேரி போன் செய்தார். "பாயம்மா, ரெண்டு ஒயருன்னு பேசுனோமே?" என்றார். யாரைப் பற்றிப் புகாரோ அவர்களிடமேதான் அவர் புகார் சொல்ல வேண்டியிருந்தது, வேறு யாரிடம் போவார்? பார்க்கிறோம் என்றேன். பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் வீட்டு ஓட்டின் மேல் குட்டி டிஷ் ஒன்று முளைத்தது. கேபிளே வேண்டாம், வானத்திலிருந்து நேராக வீட்டுக்கு வருகிற டிவி. பிறகு கண்டக்டர் வீடு, பிறகு வரிசையாக. இன்றைக்கு வாய்க்கால் தெருவில் எங்கள் ஒயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் சண்டை போடவில்லை, திட்டவில்லை. கல்யாணப் பத்திரிகையெல்லாம் முறையாகக் கொடுக்கிறார்கள். விலகிப் போக ஒரு வழி இருந்தது, போய்விட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குட்டி டிஷ் விற்கிற கம்பெனிகளில் பெரிய இரண்டு ஒன்றாகச் சேரப்போவதாகப் பேச்சு. வெறும் பேச்சோ, நிஜமோ. நிஜமானால் அது என்றைக்காவது உங்கள் ஆபீசுக்குத்தான் வரும். அவர்கள் சேர்ந்தால் விலையை அடித்து இறக்கி எங்களைப் போன்ற மிச்சசொச்ச கேபிள்காரர்களைத் துடைத்துவிடுவார்கள். துடைத்த பிறகு விலையை ஏற்றினால் வாய்க்கால் தெரு விலகிப் போக வேறு வழி இருக்காது. அதனால் அவர்கள் சேரக் கூடாது என்று நான் நினைக்கிறேன். செல்வமும் நினைக்கிறார். உன் அத்தாவும்.

நீ கிளம்பிய அன்று காலையில் செல்வம் மாமா கம்பம் ஊரிலிருந்து பன்னீர் திராட்சை ஒரு கூடை வாங்கி வந்தார் அல்லவா? "பிள்ளைக்கு ரயில்ல திங்க" என்று உன் மடியில் வைத்தார், நீ அவர் கையைப் பிடித்து அழுதாய். உன் பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அக்கா, பிள்ள அங்கன இருக்கப்ப நமக்கென்ன பயம்? அந்த ரெண்டு கம்பெனி பேப்பர் வந்தா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. நாம ஒண்ணும் தப்பாக் கேக்கல. ஊருக்கு நல்லதைத்தான கேக்குறோம்?"

உன் அத்தா திரும்பினார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்து ரொம்ப வருடமாகிறது. "ஏலே செல்வம், எம்மகள வேலைக்கு அனுப்பிருக்கேன். நம்ம ஒயரைப் பிடிச்சுக்க அனுப்பல" என்றார். செல்வம் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, உன்னைத் தன் பிள்ளையாக நினைத்துத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குக் கவலை அதிகமாகிறது. அயோக்கியன் கேட்டால் உனக்கு மறுக்கத் தெரியும். மாமா கேட்டால்?

அதிலும் அவர் சொன்னது பொய்யும் இல்லை பார். எங்களுக்கு எது லாபமோ அதுவே வாய்க்கால் தெருவுக்கும் நல்லதாக இருக்கிறது. அன்றைக்கு என் நாற்காலியும் அந்தத் தெருவின் ஒயரும் ஒரே பக்கம் நின்ற மாதிரி. எது எனக்காக, எது அவர்களுக்காக என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. உன்னாலும் முடியாது. நீ என்னைவிடப் படித்தவள், ஆனால் என் வயிற்றில் பிறந்தவள். அந்த பேப்பரைத் திறந்ததும் முதல் பக்கத்திலேயே உன் கண்ணுக்கு உன் அத்தா கம்பத்தில் ஏறி நிற்பதுதான் தெரியும். அதற்கப்புறம் நீ எழுதுகிற நியாயமெல்லாம் அவரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிற நியாயமாக இருக்கும். கண்டக்டர் மாதிரி ஒரு ஆள், சேர்ந்தால் நல்லது என்று சொல்லக்கூடியவர், எங்கேயோ இருப்பார். அவர் சொல்வது உன் காதில் விழாது.

ஆகையால் அது வந்தால் நீ தொடாதே. இது இந்தத் தொழில் செய்கிற வீடு, என்னை விட்டு வேறு ஆளிடம் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடு. சொன்னால் இளக்காரமாக நினைப்பார்களோ என்று யோசிக்காதே. அந்த வேலையை வாங்கிக்கொள்கிற ஆளிடம் ஒன்று மட்டும் சொல்: கம்பெனிக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஒயர் போய் முடிகிற கடைசி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. அதோடு நிபந்தனை போட்டால், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் போடச் சொல், இல்லாவிட்டால் ஒரு இடியில் போய்விடும். அவர்கள் எந்த முடிவு சொன்னாலும் நாங்கள் இங்கே பார்த்துக்கொள்வோம். தொழில் போனால் போகட்டும். உன் அத்தாவுக்கு ஏணியில் ஏறும் வயதும் தாண்டிவிட்டது. நீ யார் பக்கமும் சாயாதவள் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் இந்த மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது போதும். உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும் தாயி. போனில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய்.

மாமா மேல் வருத்தப்படாதே. பெருநாளுக்கு வரும்போது அவருக்கு அங்கிருந்து ஒரு நல்ல சால்வை வாங்கி வா. ஆனால் காரணம் எழுதச் சொல்லி மேலதிகாரி கேட்டால், அத்தாவின் தொழிலை எழுதுகிற இடத்தில் அந்தக் கூடையையும் சேர்த்து எழுது. வெட்கப்படாமல் எழுது. கம்பத்துத் திராட்சை வந்தது, தின்றுவிட்டேன், இனிப்பாக இருந்தது என்று.

இப்படிக்கு,
உன் அம்மா